சேனை வைத்த கை

அக்கா அந்த அட்டையை என் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினாள்.

"மோந்து பாரு."

முகர்ந்தேன். வாசனை எதுவும் வரவில்லை.

"அதான்டி. செத்த எலிகூட நாறும். இதுல நாத்தம்கூட மிச்சமில்ல. மொத்தமா உறிஞ்சிட்டுப் போயிருக்கு."

பட்டுப்புழு முட்டை அட்டை அது. பொரிப்பதற்கு முந்தின நாள் முட்டைகள் நீலம் பாய்ந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் புழுவின் தலை கரும்புள்ளியாகத் தெரிய வேண்டும். இவை வெளுத்து, நடுவில் குழி விழுந்து, பதர் நெல்லைப் போலக் கிடந்தன. ஓடு ஒன்றும் உடையவில்லை. அட்டையின் ஓரத்தில் அந்தப் பூச்சி நின்றிருந்தது. நூல் போன்ற உடம்பு. அதற்குப் பொருந்தாத நீளத்தில், மயிரிழை போன்ற கால்கள். முழங்கால் மட்டும் முடிச்சுப் போட்டது போலத் தடித்திருந்தது. அது நகர்ந்தபோது உடம்பு மேலும் கீழும் ஆடியது. இந்த நடையைப் பார்த்துத்தான் ஊரில் அதற்குப் பொய்க்கால் என்று பெயர் வைத்தார்கள்.

"உன் பொய்க்கால்தானே?"

"கம்பெனிப் பூச்சி மாதிரிதான் இருக்கு."

"மாதிரியாம்! மாதிரி!" அக்கா அட்டையை மேசையில் வீசினாள். நிறைமாத வயிறு அவளுக்கு. கோபப்பட்டால் உடனே மூச்சு வாங்கும். "ரெண்டாவது தொகுதியும் போச்சு யமுனா. பொங்கல் கழிஞ்சு வர்றதும் போச்சுன்னா ஒருத்தன் எங்கிட்ட வர மாட்டான். சென்டரை இழுத்து மூடிட்டு உங்கப்பன் தக்காளிக்குக் களை எடுக்க வரட்டுமா?"

அவளுக்கும் அவர்தான் அப்பா. அதை நான் சொல்லவில்லை.

வேதா அக்கா புகுந்த வீட்டிலேயே நடத்துவது சாக்கி சென்டர். முட்டைகளைப் பொரிக்க வைத்து, பிறந்த புழுக்களை முதல் சில நாட்கள் தளிர் மல்பெரி இலை போட்டு வளர்த்து, பிறகு ஊரில் பட்டு வளர்ப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள். அவள் முட்டை பொரிக்காவிட்டால் ஊரில் பாதிப் பேர் வீட்டில் பட்டுக்கூடு கிடையாது.

கொல்லைப்பக்கம் எதுவோ கருகும் வாடை அடித்தது. அக்காவின் மாமியார் அங்கிருந்து இருமிக்கொண்டே வந்தார். "முதல் தொகுதி போனதுல இருந்து இவளுக்குப் புதுசா ஒரு சுத்தம். தினம் எதையாவது கொளுத்திப் பொகை போடறா. புள்ளத்தாச்சி பொகையில நிக்கலாமா?" என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாலை வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, பார்த்ததையும் நினைத்ததையும் ஒரே வரியில் எழுதக் கூடாது என்பது. பகலில் பூச்சிக் கம்பெனியில் வேலை, மாலையில் பயிர்ப் பாதுகாப்பு டிப்ளமோ என்று ஓடும் எனக்கு, உருப்படியாகப் படிந்த ஒரே பழக்கம் இதுதான். அன்று பார்த்தது: பட்டு முட்டை அட்டையில் பொய்க்கால். நினைத்தது: இது நடக்க வாய்ப்பே இல்லை. நான் நினைப்பது பெரும்பாலும் தப்பாகவே இருக்கும்.

*

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கு மேற்கே. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் தக்காளி, அந்தப் பக்கம் மல்பெரி. தக்காளியில் காய்ப்புழுவுக்கு மருந்து அடித்தால் காற்று அதை மல்பெரி இலைக்குக் கொண்டுபோகும். அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு பச்சையாகக் கக்கிச் சாகும். ஒவ்வொரு போகமும் இதற்காக அடிதடி. மருந்து டேங்கை முதுகில் மாட்டியவனை மல்பெரிக்காரர்கள் கட்டிப்போட்ட கதையும் உண்டு, மல்பெரிக்கு வேண்டுமென்றே இரவில் மருந்து தெளித்த கதையும் உண்டு.

இதை நிறுத்தத்தான் பொய்க்கால் வந்தது. தக்காளி இலையில் பிசுபிசுப்பான முடி இருக்கிறது. நல்லது செய்யும் பூச்சிகள்கூட அதில் ஒட்டிக்கொண்டு சாகும். பொய்க்காலுக்கு மட்டும் அந்த நீளக் கால்கள் இருப்பதால் உடம்பு படாமல் பசைக்கு மேலே நடந்துபோய், காய்ப்புழு அந்துப்பூச்சி இட்ட முட்டைகளைக் குத்தி உறிஞ்சிவிடும். ஆனால் இயல்பில் அது சோம்பேறி. முட்டை கிடைத்தால் முட்டை, இல்லாவிட்டால் செடியின் சாறு என்று இருந்துவிடும். கம்பெனி அதன் மரபில் கைவைத்தது. பிறந்த அன்று முதலில் எதை உறிஞ்சுகிறதோ அதையே ஆயுள் முழுக்கத் தேடும்படி மாற்றியது. வேறு முதல் தீனி கொடுக்காவிட்டால், தாய் தேடியதைப் பிள்ளையும் தேடும். காய்ப்புழு முட்டையை முதல் தீனியாகக் கொடுத்து வயலில் விட்டால், பிறகு மருந்தே வேண்டாம்.

தக்காளிக்காரர்கள் கூட்டத்தில் இதை விளக்க பிரசன்னா சார் படம் எல்லாம் போட்டார். அவர் எங்கள் பூச்சிக்கூடத்தின் மேலாளர். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து நின்று நான்தான் சொன்னேன்: "பொறந்த குழந்தைக்குச் சேனை வெக்கிறோம் இல்லையா? நாக்குல முதல் சொட்டு சர்க்கரைத் தண்ணி. யார் கையால வெக்கிறோமோ அவங்க குணம் வரும்னு சொல்வோமே. அது மாதிரி இந்தப் பூச்சிக்குச் சேனை. காய்ப்புழு முட்டையால வெக்கிறோம்."

"அட, அப்படிச் சொல்லு தாயி!" என்று அப்பா கைதட்டினார். அன்றைக்கு முழு ஊருக்கும் விளங்கிவிட்டது. அக்காகூட, "என் புள்ளைக்கும் நீயே சேனை வெச்சிடு. பூச்சிக்கு வெச்சுக் கை பழகியிருக்கும்," என்று சிரித்தாள்.

நான் சொன்னதில் தீனி எது என்பது ஒரு பாதி. யார் கை என்பது இன்னொரு பாதி. ஊர் எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்ளும் என்று நான் யோசிக்கவில்லை.

*

அட்டையோடு இருந்த பொய்க்காலைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போய்ப் பூச்சிக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் விட்டேன். ஒரு பக்கம் காய்ப்புழு முட்டை, மறுபக்கம் அக்காவிடம் வாங்கி வந்த பட்டு முட்டை. அது நேராகப் பட்டு முட்டைக்குப் போனது. நான் ஏதாவது தவறாக வைத்திருப்பேன் என்று தட்டைத் திருப்பி வைத்தேன். மறுபடியும் பட்டு முட்டைதான். அக்கா வீட்டு ஜன்னல் வலையில் இன்னும் சிலவற்றைப் பிடித்து வந்தேன். பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ நுழையாத அளவுக்குச் சின்னக் கண் உள்ள வலை அது. பொய்க்கால் நூல் கோப்பது போல நுழைந்திருந்தது. அவையும் அப்படியே.

பிரசன்னா சாரிடம் போனேன். "சார், இந்தக் கூட்டத்துக்கு முதல் தீனி பட்டு முட்டை."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார் சொன்னா?"

"பூச்சி சொல்லுது சார்."

"சோதனையை ஒழுங்கா பண்ணினியா?"

இந்தக் கேள்வி கேட்டால் நான் அடங்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அடங்கவில்லை. தட்டை அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தேன். அவர் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"காய்ப்புழு வளர்க்கிறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கே தெரியும். ஒண்ணை ஒண்ணு தின்னும். ஒவ்வொண்ணுக்கும் தனிக் குப்பி. கோடையில ஏசி நின்னுபோய் மொத்தமும் செத்துச்சு. குஞ்சு பொரிஞ்சு நிக்குது, தீனி இல்ல. என்ன பண்ணச் சொல்றே? அந்துப்பூச்சி முட்டை எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேன். ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் குடுத்தேன்."

"எப்ப சார்?"

"நீ பரீட்சை லீவுல இருந்தப்ப."

"பட்டு முட்டை எங்க கெடச்சுது?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? உங்க அக்காதான். பொரிக்காம கழிக்கிற முட்டை. ஆராய்ச்சிக்குன்னு கேட்டோம். ஒரு டப்பா நிறையக் குடுத்தாங்க."

பொரிக்காத முட்டையை அன்றன்றே எரித்துவிட வேண்டும். நோய் பரவக் கூடாது என்பதற்கான விதி. சாக்கி சென்டருக்கு உரிமம் கொடுக்கும்போதே எழுதி வாங்குவார்கள். மீறினால் உரிமம் போகும்.

பஸ்ஸில் வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கருகல் வாடை மூக்கில் இருந்தது. முதல் தொகுதி போனதுமே அக்கா எரிக்க ஆரம்பித்திருக்கிறாள். பூச்சி ஏன் வந்தது என்று நாங்கள் யாரும் யோசிப்பதற்கு முன்பே.

*

பால் சொசைட்டி கட்டடத்தில் கூட்டம். பட்டுக்காரர்கள் ஒரு பக்கம், தக்காளிக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் நான். பட்டுக்காரர்களுக்குத் தலைவர் மாரப்பன். கொசுவைத் தவிர வேறு எதையும் கையால் அடித்ததில்லை என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். அன்று கையில் தடி வைத்திருந்தார்.

"இன்னா திம்மராயா," என்று என் அப்பாவைப் பார்த்து ஆரம்பித்தார். "ரெண்டு தொகுதியை முழுங்கியாச்சு. வயிறு ரொம்பிச்சா?"

"நான் இன்னா முட்டையா திங்கறேன்? பூச்சி தின்னுச்சு."

"பூச்சி யாருது?"

"மருந்து அடிக்காதே மருந்து அடிக்காதேன்னு பூச்சி கேட்டது யாரு? நீங்க! இப்ப பூச்சியும் வேணாமா? சரி, நாளைக்கே டேங்கை எடுக்கறோம். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ, அது உங்க அதிர்ஷ்டம்."

"எடுத்துப் பாரு! டேங்கோட உன்னையும் கெணத்துல எறக்கறோம்."

பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. யாரோ யாருடைய சட்டையையோ பிடித்தார்கள். மாரப்பன் தடியால் தரையைத் தட்டினார். "சண்டை அப்புறம். முதல்ல விஷயம் தெரியணும். பூச்சிக்கு எதைச் சேனை வெச்சாங்களோ அதைத்தான் தேடும்னு இந்தப் பொண்ணே சொல்லுச்சு. அப்ப எவனோ பட்டு முட்டையால சேனை வெச்சிருக்கான். யாரு கை அது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பதில் தெரியும். முட்டை எங்கிருந்து வந்தது, அதை ஊட்டிய வாரம் நான் கம்பெனியில் இல்லை, பரீட்சை லீவில் இருந்தேன் என்பது எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் போதும். அக்கா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றின் மேல் இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை. கணக்கு வாத்தியார் விடைக்குக் காத்திருப்பது போல என்னைப் பார்த்தாள்.

"தீனி வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அங்க பூச்சிக்கு ஊட்டறது எல்லாம் இவதான்," என்றாள் அக்கா.  "எங்கிட்டயே பெருமையா சொல்லியிருக்கா. எல்லாம் என் கைதான்க்கான்னு."

சொன்னது உண்மைதான். எப்போது, எதற்காகச் சொன்னேன் என்பது வேறு.

"அப்படிப் போடு!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "பொறந்த வீட்டுக்கு ரெண்டகம் பண்றதுல பூச்சியும் அவளாட்டமே இருக்கு பாரு. இவளுக்கு எவ சேனை வெச்சாளோ!"

சிரித்தார்கள். அக்காவின் மாமியார் எழுந்து நின்றார். "எங்க வீட்டுப் புள்ளைக்கு இந்தக் கை படக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன். எங்க வாசப்படியும் மிதிக்கக் கூடாது."

மறுத்துப் பேசாததற்குக் காரணம் பாசம் என்று எழுதலாம். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. என் பேச்சை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள் என்ற பயமாகவும் இருக்கலாம். நான் சொன்னது இவ்வளவுதான்: "மருந்து அடிக்காதீங்க. அடுத்த தொகுதி வர்றதுக்குள்ள ஊர்ல ஒரு பொய்க்கால் இல்லாம பண்றேன்."

"எப்படி?" என்றார் மாரப்பன்.

"சேனை வெச்சுத்தான்."

*

"வேண்டாம்," என்றார் பிரசன்னா சார். "கம்பெனி ஒத்துக்காது."

"பட்டு முட்டை குடுத்ததுக்குக் கம்பெனி ஒத்துக்கிச்சா சார்?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "நீ என்ன கேக்கறேன்னு யோசிச்சுப் பாத்தியா? பொய்க்கால் குஞ்சுக்குப் பொய்க்கால் முட்டையையே முதல் தீனியா..."

"தன் இனத்து முட்டையைத் தேடித் தேடித் தின்னும். வயல்ல இருக்கிற கூட்டம் அடுத்த தலைமுறை எடுக்காது. கடைசியில இதுங்களும் தன் முட்டையைத் தானே தின்னு முடிஞ்சுபோயிடும். அடுத்த போகத்துக்குச் சரியான தீனியோட புதுக் கூட்டம் விடலாம்."

"ரொம்பக் கொடூரமா இருக்கு யமுனா."

"காய்ப்புழு ஒண்ணை ஒண்ணு தின்னுதே சார்."

"அது பசியில. இது நாம கத்துக்குடுத்து."

நான் கூண்டுச் சாவிக்குக் கையை நீட்டினேன்.  அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். 'எனக்கு எதுவும் தெரியாது' என்பதற்கு அது அவருடைய பாஷை.

குஞ்சுகள் காலையில் பொரித்தன. பொரித்ததும் பொய்க்கால் குஞ்சு காலை நேராக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் தள்ளாடும். முழங்கால் மடிந்து விழும், எழும். எத்தனையோ முறை பார்த்திருந்தாலும் எனக்கு அது ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரவழைக்கும். அன்று வரவில்லை. அட்டையில் அவற்றின் இனத்து முட்டைகளையே ஒட்டி உள்ளே வைத்தேன். ஏதாவது ஒன்று திரும்பிப் போகும் என்று காத்திருந்தேன். அப்படிப் போயிருந்தால் கூண்டைக் கவிழ்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். முதல் குஞ்சு வந்து, உணர்கொம்பால் தடவிப் பார்த்து, அலகை இறக்கியது. மற்றவை வரிசையில் வந்தன. ஒன்றுகூடத் தயங்கவில்லை.

அவை வளர்ந்ததும் அப்பாவின் தக்காளியில்தான் முதலில் விட்டேன். அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுங்க எல்லாம் போனப்புறம் காய்ப்புழு வருமில்ல?"

"இந்த ஒரு போகம் வரும்பா."

"மருந்தும் அடிக்கக் கூடாது?"

"கூடாது."

"அவ புழு பொழைக்கணும், என் தக்காளி சாகணும். நல்ல நீதி தாயி." துண்டை உதறித் தோளில் போட்டார். "உன்ன ரெண்டகம்னு பேசினாளுங்க. அன்னிக்கு நான் அடிக்கப் போனேன். இப்ப தோணுது, தப்பா ஒண்ணும் பேசல." அதன் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. சோறு தட்டில் இருக்கிறதா என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

காய்கள் துளை விழுந்து உதிர்ந்தன. தக்காளிக்காரர்கள் என்னைக் கண்டால் காறித் துப்பினார்கள். நான் தினமும் இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். பொய்க்கால்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் ஒரு பெண் பூச்சி இலைக் காம்பில் முட்டையிடுவதைப் பார்த்தேன். இட்டு முடித்து இரண்டு அடி நகர்ந்தது. பிறகு அந்த ஆடுகிற நடையில் திரும்பி வந்து, தான் இட்டதையே குத்தியது.

அதுதான் நான் பார்த்த கடைசிப் பொய்க்கால்.

*

பொங்கல் கழிந்து வந்த தொகுதி முழுக்க நீலம் பாய்ந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் பொரிக்கட்டும் என்று அக்கா அட்டைகளைக் கருப்புத் துணியில் சுற்றி வைத்து, காலை வெளிச்சத்தில் திறந்தபோது எறும்புக் கூட்டம் போலப் புழுக்கள் பொரித்துக் கிடந்ததாக ஊரே பேசியது. மாரப்பன் சென்டர் வாசலில் தேங்காய் உடைத்தார். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்த வாரமே அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதையும் பஸ்ஸில்தான் கேள்விப்பட்டேன்.

ஒரு மத்தியானம், மாமியார் கடைக்குப் போன நேரம் பார்த்து அந்தப் பக்கம் நடந்தேன். வாசப்படியை மிதிக்கவில்லை. கொல்லைப்பக்கம் சுற்றிப்போய் ஜன்னல் வலைக்கு வெளியே நின்றேன். காலடியில் எரித்த இடம் கருப்பாக இருந்தது. அட்டைத் துண்டுகளின் ஓரம் எரியாமல் மிஞ்சியிருந்தது.

அக்கா கட்டிலில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. குழந்தையை மட்டும் கொஞ்சம் தூக்கி, முகம் தெரியும்படி திருப்பினாள். வலைக்குப் பின்னால் எல்லாம் புகை மூட்டமாகத்தான் தெரிந்தது.

என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டேன்: "சேனை யாரு கையால?"

 அவள் பார்வை என்னைத் தாண்டிக் கீழே, என் காலடியில் இருந்த கருப்புக்குப் போனது. நின்றது. திரும்பி வந்தது.

"என் கைதான்," என்றாள்.

எங்கள் வீட்டில், பெற்றவளே சேனை வைக்கும் வழக்கமில்லை. அதை நான் சொல்லவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கைதான் யமுனா," என்று இன்னொரு முறை, இன்னும் மெதுவாகச் சொன்னாள். பிறகு தெருவில் மாமியாரின் இருமல் கேட்டது. அக்காவின் முகம் மாறியது. "இங்க இன்னாடி வேலை உனக்கு? போ!" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தி, முட்டைக்குச் சுற்றுகிற அந்தக் கருப்புத் துணியை எடுத்து ஜன்னலில் இழுத்து விட்டாள்.

பார்த்தது இவ்வளவுதான்.